மேஸ்திரி மாமா தண்ணீர் ஊற்றிய பிஸ்கட் வீடு

நாலு வருஷமாக இதை எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். "கர்த்தராண்ட சொல்லிட்டல்ல, போதும்மா" என்று மேஸ்திரி மாமா என் வாயைக் கட்டியிருந்தார். இந்த வருஷம் மனசு கேட்கவில்லை.

ஆவடி வட்டாரத்திலேயே தண்ணீர் ஊற்றாத எதையும் நம்பாத மனிதர் அவர் ஒருவர்தான். என் கணவருக்குத் தாய்மாமா. முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டைக் கட்டியவர். பூசிய சுவருக்கு ஒரு வாரம் தண்ணீர் விட்டால் போதும் என்பார்கள். இவர் நாங்கள் குடிவந்த பிறகும் ஒரு மாதம் ஹோஸ் பைப்போடு வந்தார். சோபா முளைவிடாததுதான் பாக்கி. என் கல்யாண கேக் மூன்றடுக்கு. பாஸ்டர் ஜெபம் முடிப்பதற்குள் அதற்குத் தூக்குக்குண்டு பிடித்து, "மேல் மாடி சாயுது, யார் கைவேல இது?" என்று கேட்டார்.

நாலு வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு என் மகள் ஃபோனைப் பார்த்து, இஞ்சி பிஸ்கட்டில் வீடு கட்டி அலங்கரிக்கும் போட்டி வைத்தாள். மாவு பிசைந்தது நான். கட்டியது மூன்று கோஷ்டி: என் கணவர், நாத்தனார், பிள்ளைகள். மேஸ்திரி மாமா நடுவர். பண்டிகையன்று மதியம் தீர்ப்பு. பிறகு பிள்ளைகள் உடைத்துத் தின்னலாம்.

காலை ஆராதனையில் கைகூப்பினேன். விரலில் மோதிரம் இல்லை! மாமியார் சாகும் முன் தன் கையிலிருந்து கழற்றி எனக்குப் போட்டது. "அண்ணி, உங்களுக்கு எதையும் பத்திரமா வெச்சுக்கத் தெரியாது" என்று நாத்தனார் அன்றைக்கே சொன்னாள். மாவோடு போயிருக்க வேண்டும். எந்தச் சுவரில் இருக்கிறதோ, எந்தப் பிள்ளை விழுங்குமோ! சர்ச் வாசலில் வைத்து மாமாவிடம் மட்டும் சொல்லி அழுதேன்.

"இதுக்கா அயுவுறே? நான் கீறேன்ல."

தீர்ப்பு நேரம் வந்தது. எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றோம்.

"இன்னா நைனா, மூணு ஊடு கட்டிகீறீங்க. ஒருத்தராச்சும் தண்ணி உட்டீங்களா?" என்றவர், ஒரு ஜக் தண்ணீரை மூன்றின் தலையிலும் கவிழ்த்தார்.

"ஐயோ, பிஸ்கட்டு மாமா அது!" நாத்தனார் அலறினாள்.

"பிஸ்கட்டோ செங்கல்லோ, தண்ணி உடாத ஊடு நிக்காதும்மா."

"உட்டதாலதான் நிக்கல!" என்றார் என் கணவர்.

மாமா சட்டைக்கையைச் சுருட்டினார். "கலவையே சரியில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே, கரைந்து விழுந்த ஒவ்வொரு வீட்டையும் பிசைந்தார். நாத்தனார் வீட்டுக் கூரையில் அவர் கை ஒரு கணம் நின்றது.

ஸ்தோத்திரம் என்றேன் மனசுக்குள்!

கை கழுவும் சாக்கில் சமையலறைக்கு வந்து, என் உள்ளங்கையில் மோதிரத்தை வைத்து மூடினார். "நான் தண்ணி உட்டது ஊடு நிக்கத்தான். வேற யாராண்டயும் வாயத் தொறக்காத, இன்னா?" கூடத்தில் பிள்ளைகள் அந்தச் சேற்றை ஸ்பூனால் அள்ளித் தின்றுகொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவர் நடுவர் இல்லை. வருஷா வருஷம் போட்டி மேசைக்குப் பத்தடி தள்ளித்தான் அவர் நாற்காலி. நாத்தனார் தண்ணீர் டம்ளரைக்கூட ஒளித்துவைப்பாள். இந்தக் கிறிஸ்துமஸில் பிள்ளைகள் "கிறுக்கு மேஸ்திரி" என்று கூப்பிட, அதற்கும் சிரித்தார். என்னால் தாங்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனசு பஞ்சாகிவிட்டது.

நாத்தனார் என் விரலையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய், அவர் நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டு, முன்னால் ஒரு ஜக் தண்ணீர் வைத்தாள்.

இந்தக் கதையை வேறு மாதிரி கேள்விப்பட்டவர்கள் இனி இப்படியே சொல்லுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.