முதல் ஓட்டத்தை மட்டும் நம்பிய ஸ்டாப்வாட்ச்

ஸ்டாப்வாட்சைப் போட்டிக் கம்பெனி அனுப்பிய ஒற்றர் என்றுதான் நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். என்னைக் குறை சொல்லாதீர்கள். பெங்களூரில் டேட்டாவைப் பற்றிப் பேச மைக் பிடித்த எவனும் அந்த மனிதரைப் பார்த்து எச்சில் விழுங்காமல் இருந்ததில்லை.

சனிக்கிழமை காலைகளில் ஏதாவதொரு கண்ணாடிக் கட்டடத்தில் எங்கள் டேட்டாக்காரர்கள் கூட்டம் நடக்கும். ஒருவர் பேசுவார். மற்றவர்கள் கேட்பது போன்ற முகத்துடன் லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் ஒற்றுமையாகப் புலாவ் சாப்பிடுவோம். நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, மேடைக்கு நேர் எதிரே முன்வரிசையில் உட்காருவார் ஸ்டாப்வாட்ச். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். பார்சல் கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கும் வேலை. கழுத்தில் பி.டி. மாஸ்டர்கள் மாட்டுகிற ஸ்டாப்வாட்ச்; பெயர் வந்தது அதனால்தான். யாராவது, "எங்க கேள்விக்கு அரை செகண்டுல பதில் வந்துச்சு" என்று நெஞ்சை நிமிர்த்தினால் போதும், கை உயரும். பெங்களூர் வழக்கப்படி அவருக்கு எல்லோரும் 'குரு'தான்.

"இது எத்தினாவது தடவ ஓட்னது குரு?"

அவ்வளவுதான். பேசுகிறவர் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்.

காரணம் இதுதான். கிளவுடில், அதாவது எங்கோ தூரத்துக் கம்ப்யூட்டர்களில், கிடக்கிற கோடிக்கணக்கான வரிகளில் ஒரு கேள்வியைக் கேட்டால், முதல் தடவை அது உழைத்துத் தேடும். அதே கேள்வியை மறுபடி கேட்டால் தேடாது. முன்பு சொன்ன பதிலை ஞாபகத்திலிருந்து எடுத்து நீட்டிவிடும். காப்பியடித்தவனைக் கணித மேதை என்று மெச்சுவதும் அந்த அரை விநாடியை மெச்சுவதும் ஒன்று. வேகத்தை அளக்க வேண்டுமானால், அந்த ஞாபகத்தை அணைத்துவிட்டு ஓட்ட வேண்டும்.

ஒற்றரை நாமே உளவு பார்த்தால் என்ன என்று, ஒருநாள் அல்சூரில் என் வீட்டருகே நின்றுகொண்டே சாப்பிடுகிற ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். காபி சொன்னதும் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். ஒரு நிமிடம் பத்து விநாடி. இன்னொன்று சொன்னேன். இருபதே விநாடியில் வந்தது.

"பரவால்லயே, நல்ல ஸ்பீடு" என்றேன்.

கொலைகாரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "இன்னா சார் நீங்க? டிகாக்‌ஷன் எறங்கி ரெடியா கீது, பால் காஞ்சி கீது. இதெல்லாம் கணக்குல சேராது."

கணக்கில் சேராத காபியை நன்றாக ரசித்துக் குடித்தார்.

இன்னொரு கூட்டத்தில், கட்டடத்தின் லிஃப்ட் வேகமாகப் போகிறது என்று யாரோ வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள். "காலியா போனா எல்லாமே ஸ்பீடுதான். லோடு ஏத்திப் பாக்கணும்" என்று எட்டுப் பேரைக் கெஞ்சி ஏற்றினார். ஏழாவது மாடிக்குக் கீழே அது நின்றுவிட்டது. வியர்த்துக்கொண்டிருந்தவர்களிடம், "பாத்தீங்களா? காலியா ஓட்டியிருந்தா இது தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாராம். மகிழ்ச்சியாக.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்த நான்தான் அதே குழியில் விழுந்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் எங்கள் கம்பெனி, இரண்டு கிளவுட் தளங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோதித்துச் சொல்வது என் பொறுப்பு. ஒன்று இருபத்தைந்து விநாடியில் பதில் சொன்னது. இன்னொன்றுக்கு நாற்பது விநாடி. நாற்பதுக்காரன் மேல் எனக்கு இரக்கம் வந்து, கேள்வியைக் கொஞ்சம் மாற்றி எழுதி ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து, திரையைப் படம் பிடித்துக்கொள்ள இன்னொரு தடவை ஓட்டினேன்.

அரை விநாடி!

ஊருக்கெல்லாம் பொருந்துகிற விதி தனக்குப் பொருந்தாது என்று நினைக்க, நாற்பத்தெட்டு வயதுப் பக்குவம் வேண்டும். எனக்கு இருந்தது. 'நாற்பதை அரையாக்கினேன்' என்று தலைப்பு வைத்து, இருபத்தைந்து விநாடித் தளத்துக்கு ஆமைப் படமும் போட்டு, வெள்ளிக்கிழமை எங்கள் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்லைடுகளை ஏற்றினேன். மறுநாள் நான் பேசவிருந்த கூட்டத்துக்கு எங்கள் மேனேஜர் மேடமும் வருவதாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அவர் என் சோதனையை நம்பிக் கையெழுத்துப் போடுவார். வெள்ளி மாலையே ஸ்டாப்வாட்சிடமிருந்து மூன்று அழைப்புகள். உளவு கேட்கிறார் என்று எடுக்கவில்லை.

சனிக்கிழமை, கூட்ட அறை வாசலில் என்னை மறித்தார்.

"குரு, ஸ்லைடு பாத்தேன். ஞாபகத்த ஆஃப் பண்ணிட்டுதான ஓட்னீங்க?"

"பின்ன?" என்றது வாய். கை லேப்டாப்பைத் திறந்தது.

மூலையில் உட்கார்ந்து, ஞாபகத்தை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டு விநாடி. என் மேதைமையின் மொத்த எடை இரண்டு விநாடி. ஆமைதான் ஜெயித்திருந்தது.

பத்து நிமிடத்தில் பேச வேண்டும். ஓசூருக்கு ஓடிப்போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு செருப்புக் கடை வைப்பதென முடிவு செய்து, அவசர வழிக் கதவைத் திறந்து படிக்கட்டில் இறங்கினேன். கீழ்க் கதவு பூட்டியிருந்தது. மூச்சு வாங்க மேலேறி வந்தால், நான் வந்த கதவும் கார்டு இல்லாமல் திறக்காதாம். தட்டினேன். உள்ளிருந்து திறந்தவர் ஸ்டாப்வாட்ச்.

"நாலு நிமிஷம் இருவது செகண்டு. வயசுக்குப் பரவால்ல."

"முப்பத்தெட்டு செகண்டு வருது. மானம் போகப்போகுதுங்க. மேடம் வேற ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்காங்க."

"முப்பத்தெட்டுன்னே சொல்லுங்க குரு. சும்னே பயப்படாதீங்க."

"சொன்னா சிரிப்பாங்களே?"

"சிரிக்கட்டுமே. சனிக்கெழம அதுக்குத்தான வராங்க?"

மேடையேறினேன். "என் தலைப்பு தப்பு. எப்படித் தப்புன்னு காட்டறேன்" என்று எல்லோர் முன்னாலும் ஓட்டினேன். முப்பத்தெட்டு விநாடி எவ்வளவு நீளம் என்பது மேடையில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். பத்தாவது விநாடியில் புன்னகைத்தேன். இருபதில் தண்ணீர் குடிக்கப் போனேன், பாட்டில் காலி. முப்பதில் மொத்த அறையும் லேப்டாப்பை மூடிவிட்டு என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. முப்பத்தெட்டில் எழுந்த கைதட்டல், அரை விநாடிக்குக்கூடக் கிடைத்திருக்காது.

மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆமைக்கே கையெழுத்துப் போட்டுடலாம். படத்த மட்டும் எடுத்துடுங்க" என்றார்.

கேள்வி நேரம் வந்ததும் முன்வரிசையைப் பார்த்தேன். ஸ்டாப்வாட்ச் அங்கே இல்லை. கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். கை உயரவில்லை.

கூட்டத்தை நடத்துகிற பிரபாதான் புலாவ் தட்டோடு வந்து சொன்னார்.

"அவரு பேரு லிஸ்ட்லயே இல்ல சார். இன்னைக்கு சீட்டெல்லாம் புக் ஆயிடுச்சு. எட்டரைக்கே வந்து கீழ செக்யூரிட்டிகிட்ட மல்லுக்கட்டிட்டு இருந்தாரு. நான் போய்தான் கூட்டிட்டு வந்தேன். வந்ததும் உங்களத்தான் தேடினாரு. வழக்கமா அப்படித்தான். பேசறவங்கள முன்னாடியே பிடிச்சிக் கேட்டுப் பாப்பாரு. யாரும் காதுல வாங்கறதில்ல. அப்பறம்தான் கை தூக்குவாரு."

உட்கார இடமில்லை என்று தெரிந்தே அவர் அன்று வந்திருந்தார். என்னிடம் அந்த ஒரு கேள்வியைத் தனியாகக் கேட்டுவிட வந்தார். கேட்டார். நான் பேசி முடிக்கும்வரை நின்றார்.