போர்டில் இரண்டு என்றுதான் இருந்தது

"இந்தி வந்துருச்சு. இரு, தமிழ் வரட்டும்" என்றார் கொளஞ்சி.

அரியலூர் ரயில் நிலையத்துப் போர்டின் கீழே புருஷனும் பெண்டாட்டியும் அண்ணாந்து நின்றார்கள். தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை என்று சிவப்பு எழுத்து மாறி மாறி வந்தது. தமிழ் வந்த நேரம் பார்த்துக் கொளஞ்சிக்குத் தும்மல். மலர்கொடியின் முகத்துக்கு நேராகத் துண்டை விரித்து உதறினார். உதறி முடித்தபோது மறுபடி இந்தி.

எட்டு மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும். ஏழு வருஷம் பரீட்சை எழுதி எழுதி, நாற்பத்தோரு வயதில் மலர்கொடிக்குக் கிடைத்த அரசாங்க வேலை. மதியம் ஒரு மணிக்குள் சென்னையில் கவுன்சிலிங்குக்குப் போய் நிற்காவிட்டால் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பிறகு அழுதாலும் கிடையாது.

சொந்த ஊரான குரும்பலூரில் தெரு முழுக்க லட்டு கொடுத்தவர் கொளஞ்சிதான். "இனிமே அவ சம்பாரிப்பா, நான் உக்காந்து சாப்புடுவேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிச் சிரித்தார். நேற்று பஸ் ஏறி வந்து டிக்கெட் எடுத்ததும் அவர்தான்.

"ஏங்க, தமிழ் வந்துருச்சு. ரெண்டுன்னு போட்டிருக்கு."

"எது ரெண்டு?"

"பிளாட்பாரம்."

"அது ரெண்டு நிமிசம் லேட்டுன்னு அர்த்தம். பிளாட்பாரம் ஒண்ணு. போன்ல காட்டுது பாரு."

நீட்டிய போனில் கொளஞ்சியின் படம்தான் இருந்தது. மலர்கொடி கண்ணாடியை எடுப்பதற்குள் போன் சட்டைப் பைக்குப் போய்விட்டது.

"பிளாட்பாரம்னு எழுதி, அதுக்கு நேர் கீழதானங்க ரெண்டு நிக்குது?"

"நீ படிச்ச புள்ள, இல்லங்கல. ஆனா ரயிலு விசயம் படிச்சா வராது மலரு, ஏறி எறங்கணும். திருப்பூருக்கு நான் எத்தன தடவ போயிருக்கேன்!"

ஒலிபெருக்கி, "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தது. அதே நொடியில் கொளஞ்சி தன் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா! கேக்குதா? மலரு கெளம்பிட்டா! என்னது? சத்தமாப் பேசு!"

அக்காவுக்குக் கேட்டதோ இல்லையோ, மலர்கொடிக்கு ஒலிபெருக்கி கேட்கவில்லை. ஆனால் சுற்றி நின்றவர்கள் மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு பாலத்துப் படியேறுவது தெரிந்தது.

"எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்க பாருங்க."

"அவுங்க திருச்சிக்கு."

"கேட்டுட்டேன். சென்னைன்னுதான் சொல்றாங்க."

"அடப்பாவிங்களா, மாத்திட்டானுவளா?" என்று கொளஞ்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். "நீ பையத் தூக்கு. சர்டிபிகேட் ஃபைலு எங்கிட்ட இருக்கட்டும், அதான் முக்கியம்."

பாதிப் படியில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று, "நீ ஆபீசர் ஆனதும் மொத வேலையா இங்க ஒரு லிப்ட்டு வைக்கச் சொல்லணும்" என்றார். மலர்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாவது பிளாட்பாரத்தில் பெட்டி நிற்குமிடம் காட்டும் சின்ன போர்டுகள் வரிசையாக மின்னின.

"டி-நாலு. இதோ, இங்கதாங்க நம்ம பெட்டி நிக்கும்."

"ரயிலு முன்ன பின்னயாத் திரும்பி வந்தா? டி-நாலு அந்தக் கோடியில நிக்கும். வா."

கோடிவரைக்கும் நடந்தார்கள். அங்கிருந்த போர்டு டி-பன்னிரண்டு என்றது.

"அப்ப திரும்பி வரல போலருக்கு" என்றார் கொளஞ்சி.

மறுபடி நடந்தார்கள். தூரத்தில் ரயிலின் வெளிச்சம் தெரிந்தது. மலர்கொடி திரும்பிப் பார்த்தாள். கொளஞ்சியின் இரண்டு கையும் வெறும் கை.

"ஏங்க, ஃபைலு?"

கொளஞ்சி கையைப் புரட்டிப் பார்த்தார். கக்கத்தில் தேடினார். "படியேற வந்த அவசரத்துல... அந்தப் பக்கம் படிக்குக் கீழ பெஞ்சில வச்சேன் போலருக்கு."

"ஐயோ! ஓடுங்க!"

"முழங்காலு, மலரு!"

பையைப் போட்டுவிட்டு மலர்கொடி ஓடினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாலம் ஏறி, இறங்கி, பெஞ்சில் கிடந்த ஃபைலை அள்ளிக்கொண்டு திரும்பவும் ஏறினாள். பாலத்தின் நடுவில் வரும்போது காலுக்குக் கீழே ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. டி-நாலும் போனது. ஜன்னலோரம் ஒரு சீட் காலியாக இருந்த மாதிரிகூட இருந்தது.

போர்டில் சென்னை வரி அழிந்து, கீழிருந்த வரிகள் ஒவ்வொன்றாக மேலேறின.

கொளஞ்சி தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"என்னச் செருப்பால அடி மலரு! ஏழு வருசம் படிச்சதக் கெடுத்துட்டேனே, பாவி!"

மலர்கொடி பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாதீங்க, பிரஷர் ஏறிரும். படபடப்பு, யாருக்கும் வரும்தான். எனக்குக் குடுத்துவைக்கல, அவ்வளவுதான்."

பிளாட்பாரம் கூட்டும் சின்னம்மாள் அந்தப் பக்கமாக வந்தவள், விளக்குமாற்றை ஊன்றி நின்று, துண்டுக்குள் இருந்த முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"ஏம்மா, இவரு உன் வூட்டுக்காரரா? நேத்து வந்து, இந்த ரயில விட்டா ஒரு மணிக்குள்ள மெட்ராசு போய்ச் சேர வேற எதுனா இருக்கான்னு மூணு தடவ கேட்டாரு. ஒண்ணுமே இல்லன்னு சொன்னேன், சந்தோசத்துல எனக்கு டீயும் வடையும் வாங்கிக் குடுத்துட்டுப் போனாரு!"