வாட்டு மாடியில் காய்ந்த மட்டைகள்

நீலகிரி மலையில் வளையக்கூடிய எல்லாப் பொருளையும் ஒரு தடவையாவது வளைத்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் வளைச்சான்தான். வளையாத பொருளையும் அவர் சும்மா விட்டதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் புதுக் குடை, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசின் தண்டு, டிரைவர் டீ குடிக்க இறங்கிய நேரத்தில் பஸ்ஸின் கியர்க் கம்பி. நாடுகாணி செக்போஸ்ட்டில் குறுக்குக் கட்டையின் நுனியை அமுக்கி அமுக்கி விட்டு, அது ஆடி நிற்கும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் லாரிகள் நின்றன. காவலர் லத்தியோடு வந்தார். வளைச்சான் அந்த லத்தியை வாங்கி முட்டியில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல உசுரு இல்லீங்க ஐயா, வேற கேட்டு வாங்குங்க" என்று மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சிலோனில் துரைமார் கிளப் ஒன்றில் ஹாக்கி மட்டைகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர். தாயகம் திரும்பச் சொல்லிக் கப்பலேற்றியபோது மற்றவர்கள் தையல் மெஷினும் ரேடியோவும் கொண்டுவந்தார்கள். இவர் கம்பளியில் சுற்றிய ஒரு ஹாக்கி மட்டையைக் கொண்டுவந்தார். மண்டபம் முகாமில் அதிகாரி, "என்னய்யா இது?" என்று கேட்டாராம். "வளைச்சுப் பாருங்க, தன்னால வெளங்கும்" என்றாராம் இவர். பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

சேரம்பாடிக்கு அப்பால், மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. நான் அங்கே ஃபேக்டரி ஆபீஸ் கிளார்க், பொள்ளாச்சிப் பக்கத்து ஆள், தோட்டத்து ஹாக்கி டீமில் சென்டர் ஃபார்வர்டு. வளைச்சானுக்கு மார்பில் இழுப்பு உண்டு. மழையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன முதல் மாதமே ஆஸ்பத்திரியில் படுத்தார். டாக்டர் சொன்னதன்பேரில் வாட்டு மாடிக்கு மாற்றினார்கள். பறித்த கொழுந்தை வலைத்தட்டில் பரப்பி, சூடான காற்று விட்டு வாட்டுகிற இடம் அது. இலையைக் கைக்குள் அமுக்கி, அது மெதுவாக விரிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அந்த மலை முழுவதிலும் அவரால் முழு மூச்சு விட முடிந்த இடம் அந்த ஒன்றுதான்.

சாயங்காலம் ஆனால் கிரவுண்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் உபதேசம்.

"அடி கையில இல்ல தம்பி. மட்டை வளையணும். வளைஞ்சது நிமிருது பாருங்க, அந்த நிமிர்வுலதான் பந்து போகுது. ஒங்க கை சும்மா கூட்டிக்கிட்டுப் போற கைதான், வெளங்குதா?"

விளங்கியதோ இல்லையோ, எங்கள் மட்டைகள் தாராளமாக வளைந்தன. மாதக்கணக்கில் மழை குடித்த பிரம்புப் பிடி புடலங்காய் மாதிரி ஆகிவிடும். வீசினால் கை முதலில் போய்ச் சேரும். மட்டையின் தலை பின்னால் கொட்டாவி விட்டுக்கொண்டு வரும். அதற்காகவே நாங்கள் பந்தை முன்காலுக்கும் முன்னால் தள்ளி வைத்து, தலை வந்து சேரும்வரை காத்திருந்து அடிக்கப் பழகியிருந்தோம். எங்கள் அடியில் வேகம் குறைவு. பார்ப்பதற்கு மட்டும் நாட்டியம் மாதிரி இருக்கும்.

குன்னூரிலிருந்து வரும் டீமோடு கோப்பை ஆட்டம் நெருங்கியபோது வளைச்சானுக்கு அந்த யோசனை உதித்தது. பச்சைக் கொழுந்தை மடித்தால் முறியும், வாட்டிய கொழுந்தோ விரலைச் சுற்றி வளையும், விட்டால் நிமிரும். இலைக்கு உள்ள நியாயம் மட்டைக்கும் உண்டுதானே? மழையால் பயிற்சி நின்றிருந்த நாட்களில், எண்ணெய் போட்டுத் தருவதாக டீமின் அத்தனை மட்டைகளையும் வாங்கிப்போய், ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகத் தடவி, மாடியில் கொழுந்துக்கு நடுவே படுக்க வைத்து, வாரக்கணக்கில் வாட்டினார்.

மட்டை வாடியது யாருக்கும் தெரியவில்லை. டீத்தூள் காட்டிக்கொடுத்துவிட்டது. எங்கள் டீ மேக்கர் கோயம்புத்தூர்க்காரர், ஃபேக்டரிக்கு ராஜா, டீம் கமிட்டிக்குத் தலைவர். ருசி பார்க்க ஒரு வாய் உறிஞ்சியவர் விழுங்கவில்லை. துப்பிவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

"ஏனுங்க, இது டீயா, கதவுக்கு அடிக்கற பாலீஷுங்களா?"

மாடிக்கு ஏறினார். கொழுந்துக்குள்ளிருந்து ஒவ்வொரு மட்டையாக உருவினார். வளைச்சான் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"ஞாயித்துக்கெழம கப்பு வந்துதுன்னா, இந்த டீய நான் குடிக்கவே இல்லைன்னு வெச்சுக்கறேன். வரலையா, திங்கக்கெழம காத்தால பெரட்டுக்களத்துல கவ்வாத்துக் கத்தியோட நிக்கோணும். மாடிப்படி மிதிக்கப்படாது."

பெரட்டுக்களம் என்றால் விடிகாலையில் ஆள் பிரித்து மலைக்கு அனுப்புகிற இடம். மலை என்றால் மழை. மழை என்றால் இழுப்பு. அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டையைக் கையில் வாங்கியதும் முட்டியில் வைத்து அழுத்திப் பார்த்தேன். வளையவே இல்லை. உலக்கை.

ஆட்டம் தொடங்கியது. வழக்கம்போல் பந்தை முன்னால் விட்டுக் காத்திருந்து வீசினேன். தலை காத்திருக்கவில்லை. கையைத் தாண்டிக்கொண்டு வந்து, முகத்தைத் திருப்பி, பந்தை இடது பக்கம் விரட்டியது. உள்ளங்கையிலிருந்து தோள்வரை மின்சாரம் ஓடியது. பந்து இடது கோல் கம்பத்துக்கு அப்பால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டீ மேக்கரின் ஃபிளாஸ்க்கை உடைத்தது. அடுத்தவன் அடித்தது அவர் காதோரம் போயிற்று. அவர் நாற்காலியை நகர்த்தினார். அதற்கடுத்த அடி நகர்த்திய இடத்துக்கே வந்தது. வேகம் என்னவோ அசுர வேகம். அத்தனையும் இடப்பக்கம். குன்னூர் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்துகொண்டு இளைப்பாறினார். அவர்கள் ஒரு கோல் போட்டார்கள்.

இடைவேளையில் வளைச்சான் எல்லா மட்டையையும் பிடுங்கித் தண்ணீர் டிரம்முக்குள் தலைகீழாக நட்டார். வாரக்கணக்கில் காய்ந்தது அரை டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவர் மனைவி கம்பளியைக் கொண்டுவந்து தோளில் போட்டார்.

"கத்திய இன்னைக்கே தீட்டி வச்சிரவா? காலைல அவசரத்துல தேட முடியாது."

"சும்மா இரு புள்ள."

"நான் சும்மாத்தான் இருக்கேன். நீங்கதான் இலைக்கும் கட்டைக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருக்கீங்க."

அவர் டிரம்மிலிருந்து ஒரு மட்டையை உருவினார். என்னைத் தனியே கூப்பிட்டுப் பந்து இல்லாமல் வீசச் சொன்னார். மறுபடி, மெதுவாக. மண்டியிட்டு என் கையையும் மட்டையின் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் இருண்டது.

"ரெண்டும் ஒண்ணா வருதே தம்பி. இலை வாடினா தொவளும். மரம் வாடினா வெறைக்கும். அடுப்பு பத்த வைக்கிற யாருக்கும் இது தெரியும். இத்தன வருசம் கைல இலையவே வச்சிருந்ததுல எனக்கு மறந்துபோச்சு."

"இப்ப என்ன பண்றதுங்க?"

"பந்த முன்னால விடாதீங்க. பின்காலுக்கு நேரா வரட்டும். வந்த ஒடனே அடிங்க, காத்திருக்க வேணாம்." முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "மட்டைய நம்பாதீங்க. கைய நம்புங்க."

சாமி இல்லை என்று பூசாரி சொல்வது போல இருந்தது.

சொன்னதை மற்றவர்களிடமும் சொன்னேன். தலை ஆட்டினார்கள். ஆனால் பல வருஷம் பழகிய கால் ஒரு பேச்சில் பின்வாங்குமா? பந்து இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. டீ மேக்கர் எழுந்து நின்றே பார்த்தார். கோல் கம்பத்தைப் பனி பாதி விழுங்கியிருந்தது. கோட்டருகே வளைச்சான் கம்பளிக்குள் குனிந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்கு மைதானத்தின் நடுவில் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு ஷார்ட் கார்னர் கிடைத்தது, ஓரத்திலிருந்து தள்ளிவிடும் பந்தை நிறுத்தி நேரே கோலுக்கு அடிக்கிற வாய்ப்பு. பந்து வந்தது. எங்கள் ஆள் நிறுத்தினான். பின்காலுக்கு நேராக. உடம்பு முழுவதும், முன்னால் போ முன்னால் போ என்று கெஞ்சியது. நான் போகவில்லை. வீசினேன்.

துப்பாக்கி வெடித்த சத்தம். பிடி என் கையில். மட்டையின் தலை காற்றில் சுழன்றுகொண்டு வலது பக்கம் பறந்தது. கோல்கீப்பர் அதைப் பந்து என்று நினைத்து, என்ன அழகான பாய்ச்சல், வலப்பக்கம் தாவி இரண்டு கையாலும் பிடித்தேவிட்டார். பந்து நேர் நடுவில், கடைக்குப் போகிற கிழவர் நடையில், உருண்டு உருண்டு கோட்டைத் தாண்டியது.

அம்பயர் பட்டாளத்தில் இருந்தவர். விசில் வாயில் இருந்தது, ஊதவில்லை. குன்னூர்க்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு மட்டைத் தலையை ஆதாரமாக நீட்டினார்கள். அவர் அதை வாங்கினார். முகர்ந்தார். தும்மினார்.

"மட்டை உள்ளே போனா கோல் இல்லை. பந்து உள்ளே போனா கோல். போனது பந்து."

ஆளுக்கு ஒன்று. அதோடு வெளிச்சம் போய்விட்டது. கோப்பை மேஜையிலேயே இருந்தது.

நாங்கள் வளைச்சானைச் சுற்றி நின்றோம். டீ மேக்கர் வந்தார்.

"கப்பு வரலீங்களே."

யாரும் மூச்சுவிடவில்லை. வளைச்சானால் விட முடியவில்லை. அவர் மனைவிதான் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"போகவும் இல்லீங்களே ஐயா."

டீ மேக்கர் கோப்பையைப் பார்த்தார். கம்பளிக்குள் ஏறி இறங்குகிற முதுகைப் பார்த்தார். அவர் போட்ட நிபந்தனையில் இதற்கு இடமே இல்லை.

"செரி. மறு ஆட்டம் முடியட்டும். அதுவரைக்கும் மாடிலயே கெடங்க. கொழுந்த மட்டும் வாட்டுங்க."

குன்னூர்க்காரர்கள் மறு ஆட்டத்துக்கு ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். மழை என்றோம். மழை விட்டது, பனி என்றோம். கோடை வந்தது. மலையைச் சுற்றிக்கொண்டு அவர்கள் கேப்டனே நேரில் வந்துவிட்டார். புல் காய்ந்து, நடந்தால் புழுதி பறக்கிற கிரவுண்டை டீ மேக்கர் அவருக்குச் சுற்றிக் காட்டினார். குனிந்து மண்ணைத் தொட்டார். விரலைத் தேய்த்துப் பார்த்து, ரொம்ப வருத்தத்தோடு சொன்னார்.

"இன்னும் ஈரமாத்தானுங்க இருக்குது."

நாங்கள் பதினொரு பேரும் ஆமாம் என்று தலையாட்டினோம். இல்லாத சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, வெயிலில், ஃபேக்டரிவரை அப்படியே நடந்தோம். மேலே மாடி ஜன்னலில் வளைச்சான் ஒரு கொழுந்துக் காம்பை விரலில் சுற்றிப் பார்த்தபடி, முழு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.