ஓர் எபிசோடு முன்னால் போகிறவன்

அன்று சாயங்காலம் கூடத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு எல்லோர் மேலும் சந்தேகம் விழப்போகிறது.

டிவிக்கு நேர் எதிரே, கை வைத்த நாற்காலியில், ஸ்டோர் கீப்பர். சோபாவின் இடது மூலையில், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டு அவர் மனைவி. சோபாவின் மீதி முழுவதிலும் அவளுடைய தம்பி. உட்கார்ந்திருந்தான் என்று சொல்ல முடியாது; பரவியிருந்தான். ஜன்னலோரம் இருந்த குட்டிப் பிரம்பு ஸ்டூலில் யாரும் இல்லை. "அங்க காத்து வராது" என்று சொல்லி ஸ்டோர் கீப்பர் அதில் யாரையும் உட்கார விடுவதில்லை. ஜன்னலோரத்தில் எப்படிக் காற்று வராமல் போகும் என்று யாரும் கேட்பதுமில்லை.

டிவித் தொடரில் வக்கீலம்மா வந்தாள். முந்தின நாள் அவள் கோர்ட்டுப் படியில் கால் வைத்தபோது ஸ்டோர் கீப்பருக்குத் தூக்கம் சொக்கியது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் படுத்தார். இன்று விட்ட இடத்திலிருந்து போட்டால், வக்கீலம்மா அதே படியில் இறங்கி வந்துகொண்டிருக்கிறாள். எல்லோரும் அவளுக்குக் கைகொடுக்கிறார்கள்.

"ஜெயிச்சுட்டாளா?" என்றாள் மனைவி.

"உள்ள போகவே இல்லையே. யார் பார்த்தது?"

"நான் பகல் முழுக்கத் துணி துவைச்சேன்."

"மச்சான்?"

"சத்தியமா இல்ல அத்தான். எனக்கு அந்த வக்கீலம்மாவைக் கண்டாலே ஆகாது. கேஸ் இல்லாத வீட்டுல கேஸ் உண்டாக்குறா."

ஸ்டோர் கீப்பர் டிவியை அணைத்தார். இரும்புச் சாமான் கிடங்கில் வேலை பார்ப்பவர் அவர். ஒரு போல்ட் வெளியே போனால்கூட, எடுத்தது யார் என்று தெரியாமல் கிடங்கைப் பூட்ட மாட்டார். அப்படிப்பட்டவர் வீட்டில் முழுசாக ஒரு எபிசோடு காணாமல் போயிருந்தது.

இந்தத் தொடர் ஓடுகிற பெட்டி வீட்டுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். முன்பு டிவிக்குக் கீழே ஒரு குட்டிக் கிடங்கே இருந்தது: கேபிள் பெட்டி, படம் போடுகிற பெட்டி, பாட்டுக்கு ரேடியோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிமோட். செய்திக்கு ரிமோட்டை எடுத்தால் பாட்டு வரும். மச்சான்தான் அந்த யோசனையைச் சொன்னான். "இப்பல்லாம் கேம் பெட்டி ஒண்ணு வாங்கினாப் போதும் அத்தான். செய்தி, சினிமா, பாட்டு, தொடர், எல்லாம் அதுலயே வந்துடும். விளையாட்டுங்கறது சும்மா கொசுறு."

கேம் பெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு கேம் பெட்டி இருந்தது. மகனுடையது. வேலை தேடுகிற வயதில் விளையாட்டா என்று கேட்டு, அவன் வெளியே போயிருந்த நேரத்தில், ஸ்டோர் கீப்பர் அதைப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். மகன் வந்து பார்த்தான். சண்டைகூடப் போடவில்லை. கொஞ்ச நாளில் தூரத்து நகரம் ஒன்றில் வேலை கிடைத்து ஒரு பையோடு போய்விட்டான். அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே பேச்சுவார்த்தை அம்மா வழியாகத்தான்.

"அப்பா நல்லா இருக்காரா?"

"இருக்கார்."

போனில் இந்த இரண்டு வரி நடக்கும்போது ஸ்டோர் கீப்பர் பால்கனியில் நின்று, ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய செடிக்கு மறுபடியும் ஊற்றுவார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. 'அப்பாகிட்ட குடு' என்று அவன் ஒரு தடவை சொன்னால் போதும். அவராகக் கேட்டு வாங்கிப் பேசுவதற்கு மட்டும் கை நீளவில்லை. தொட்டி மண் நாளாக நாளாகச் சேறாகி, அந்தச் செடி செத்தே போனது.

ஆகவே பெட்டியை வாங்கும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பையனுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. அவனோடதைத் தூக்கிப் போட்டுட்டு, நான் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்னு தெரிஞ்சா, என் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?"

மனைவி வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டாள். மச்சானும் தலையை ஆட்டினான். பெட்டியை டிவியோடு இணைத்து ஓடவைக்கும் வித்தை அவனுக்குப் பிடிபடவில்லை. "எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான். இதுல புலி" என்று போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான். அக்கவுண்ட், பாஸ்வேர்டு எல்லாம் அந்தப் புலியே போட்டுக் கொடுத்து, அரை மணியில் எல்லாம் ஓடியது.

"கெட்டிக்காரப் பையன். பெத்தவங்க குடுத்து வச்சவங்க" என்றார் ஸ்டோர் கீப்பர். பழைய பெட்டிகள் எல்லாம் பழைய சாமான்காரரிடம் போயின. அவர் வாசலில் நின்று, "போன தடவை குடுத்த மாதிரி கேம் பெட்டி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டது மட்டும் ஸ்டோர் கீப்பருக்கு ரசிக்கவில்லை.

இப்போது கேபிள்காரரைக் கூப்பிட்டார்கள். தன் பெட்டியைத் தூக்கி எறிந்த வீடு என்ற கோபம் அவருக்கு இன்னும் ஆறியிருக்கவில்லை. நின்றபடியே பார்த்தார். "வெளிய யாரோ உங்க அக்கவுண்ட்ல நுழைஞ்சு பார்க்கிறாங்க சார். எங்க பெட்டியில இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அதுல படமே வராது, திருடன் எங்க வர்றது?"

திருடன் என்ற சொல் ஸ்டோர் கீப்பரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். மச்சான் படிக்கட்டுக்குப் போய்ப் புலியிடம் கேட்டுக்கொண்டு வந்தான். அதற்குப் பெட்டியின் கைப்பிடியால் எழுத வேண்டும். இரண்டு கொடுக்கும் ஏகப்பட்ட பொத்தானுமாக இருந்த அதை மனைவி நண்டு என்றுதான் சொல்வாள். ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு நண்டைப் பிடித்துக்கொண்டு நகர்வதற்குள் ஸ்டோர் கீப்பருக்கு முதல் எழுத்து மறந்து போயிற்று. ஒருவழியாக மாற்றினார்கள். நடுவில் எந்தப் பொத்தான் அழுந்தியதோ, மனைவி சேர்த்து வைத்திருந்த பாட்டுகள் எல்லாம் போய்விட்டன.

ஓரிரு நாள் திருடன் வரவில்லை. பிறகு வக்கீலம்மா மறுபடியும் ஓர் எபிசோடு முன்னால் போயிருந்தாள்.

"பூட்டை மாத்தினாலும் வர்றானே. சாவி எப்படிக் கிடைச்சிருக்கும்?"

மச்சான் கூரையைப் பார்த்தான். "காலம் கெட்டுக் கிடக்கு அத்தான்."

இந்தத் தடவை வேறு சில கைவரிசைகளும் தெரிந்தன. வசனம் ஓடும் எழுத்தை யாரோ பெரிதாக்கியிருந்தார்கள். மனைவிக்குப் பிடித்த பழைய படங்கள், காணாமல் போன பாட்டுகள், எல்லாம் புதிதாகப் பட்டியலில் வந்து உட்கார்ந்திருந்தன.

"நல்ல திருடனா இருக்கானே" என்றாள் மனைவி. "எடுத்ததைவிட வச்சது அதிகம்."

"நல்ல திருடன்னு ஒருத்தன் கிடையாது. கிடங்குல கணக்குக்கு மேல சாமான் இருந்தாலும் திருட்டுதான். எழுத்தைப் பெருசாக்க இவன் யாரு? என் கண்ணைப் பத்தி இவனுக்கென்ன கவலை?"

அடுத்ததாகப் பெட்டிக்கு இரண்டாவது பூட்டு. மச்சானிடம் சொல்லாமல் அவரே போட உட்கார்ந்தார். பெட்டி பிறந்த தேதி கேட்டது. கிடங்கில் தேதி என்று இருக்கிற கட்டத்தில் எல்லாம் அன்றைய தேதியை எழுதியே பழகிய கை, இங்கேயும் அன்றைய தேதியைப் போட்டது. பெட்டி அவரை அன்று பிறந்த குழந்தை என்று முடிவு கட்டிவிட்டது. செய்தி இல்லை, சினிமா இல்லை, வக்கீலம்மா இல்லவே இல்லை. ஒரு முயல் மட்டும் கைதட்டிப் பாடியது. பெரியவர் யாராவது அனுமதி தர வேண்டும் என்றது பெட்டி.

"நான்தான்டா பெரியவன்" என்றார் ஸ்டோர் கீப்பர் பெட்டியிடம்.

முயல் பாடியது. ரேடியோ இல்லை, கேபிள் இல்லை, போக்கிடம் இல்லை. சாப்பிடும்போதும் முயல்தான். மனைவிக்கு அந்தப் பாட்டு மனப்பாடமாகி, துணி காயப்போடும்போது தன்னை அறியாமல் பாடினாள். கடைசியில் மச்சான்தான் படிக்கட்டுக்கு ஓடினான். போனில் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கூடம் வரை கேட்டது.

"புலி சிரிக்குதா?" என்றார் ஸ்டோர் கீப்பர் உர்ரென்று.

"ரொம்ப நாளா சிரிக்காத பையன் அத்தான். சிரிச்சுட்டுப் போகட்டும்."

முயல் போனது. திருடன் வந்தான். இப்போது நேருக்கு நேராகவே வந்தான். சாப்பிட்டு முடித்து வக்கீலம்மாவைப் போட்டால், ஸ்கிரீனில் ஒரு வரி வரும்: 'இந்த அக்கவுண்ட் வேறோர் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்திவிட்டு இங்கே பார்க்கவா?' ஸ்டோர் கீப்பர் நண்டின் பொத்தானை ஆணி அடிப்பதுபோல் அழுத்துவார். உடனே அந்தப் பக்கம் அடங்கிவிடும். பதிலுக்கு அவன் ஒரு தடவைகூட அழுத்தியதில்லை.

"பயந்துட்டான்" என்பார் ஸ்டோர் கீப்பர்.

"விட்டுக் குடுக்கிறானோ என்னவோ" என்பாள் மனைவி.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். அங்கே ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். "சார், பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க. வீட்டுல விசாரிச்சுப் பாருங்க."

"எங்க வீட்டுல திருடன் கிடையாதும்மா."

"அப்ப அக்கவுண்ட்டையே மூடணும் சார். மூடினா திரும்பத் திறக்க முடியாது. நீங்க பார்த்தது, சேர்த்து வச்சது, எல்லாமே போயிடும். அதுக்கு உங்க கையெழுத்து வேணும்."

கையெழுத்துக் கேட்டது ஸ்டோர் கீப்பருக்குப் பிடித்திருந்தது. முகவரி வாங்கிக்கொண்டார். மேஜையைத் துடைத்து, தாளுக்கு ஓரம் மடித்து, உட்கார்ந்து எழுதினார். ஐயா அல்லது அம்மையீர் என்று தொடங்கி, நடந்ததை வரிசைக்கிரமமாக, முயலையும் விடாமல் எழுதினார். முடிவாக, 'அந்த நபர் எங்கே இருந்தாலும், யாராக இருந்தாலும், இனி எக்காலத்திலும் என் வீட்டுக்குள் நுழையாதபடி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார்.

மனைவி தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "வாசகம் கொஞ்சம் கடுசா இருக்குங்க."

"கடுசா இருந்தாத்தான் கேட்பாங்க."

"வக்கீலம்மா கதை என்ன ஆகும்? கடைசி எபிசோடுதானே பாக்கி?"

"போகட்டும். அவன் பார்த்த மிச்சத்தைப் பார்த்து எனக்கு ஆகணுமா?"

கையெழுத்துப் போட்டார். மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். பசையைத் தடவி, ஓரம் எங்கும் தூக்காதபடி கட்டை விரலால் நீவி ஒட்டினார். கிடங்கிலிருந்து வெளியே போகிற சாமானுக்கு எப்போதும் ஒரு சாட்சி வேண்டும் அவருக்கு. மச்சானைக் கூட்டிக்கொண்டு தெருமுனைத் தபால் பெட்டிக்கு நடந்தார்.

வழக்கமாக முன்னால் நடக்கிற மச்சான் பாதி வழி வரை பின்தங்கியே வந்தான்.

"அத்தான், இன்னிக்கே போட்டாகணுமா?"

"நாளைக்குன்னு சொன்னா மனசு மாறிடும்."

"மாறினா நல்லதுதானே."

ஸ்டோர் கீப்பர் நடையை எட்டிப் போட்டார். மச்சான் பின்னாலேயே ஓடினான். "ஒருவேளை அவன் திருட வரலைன்னா?"

"பின்ன, என்னை நலம் விசாரிக்கவா வர்றான்?"

மச்சான் அவர் கையிலிருந்த உறையைப் பார்த்தான். யாரிடமோ கொடுத்த வாக்கு ஒன்று அவன் வாயைக் கட்டியிருந்ததுபோல் இருந்தது. "தப்பாவே இருக்கட்டும் அத்தான். ஒரு தடவை மன்னிச்சு விட்டுடலாமே."

ஸ்டோர் கீப்பர் தபால் பெட்டி முன்னால் நின்றார். உறையைப் புரட்டி முகவரியை ஒருமுறை சரிபார்த்தார். ஏனோ அந்த நேரத்தில் ஜன்னலோரத்து ஸ்டூல் நினைவுக்கு வந்தது. 'வீட்டுக்குள் நுழையாதபடி' என்ற இடத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கலாமோ என்று தோன்றியது. ஆனால் ஒட்டிய உறையைப் பிரித்து அவருக்குப் பழக்கமில்லை.

"மன்னிப்பு வேணும்னா அவனே நேர்ல வந்து கேட்கட்டும். மாட்டேன்னா சொல்லப் போறேன்?" என்றார். உறையைத் தபால் பெட்டியின் வாய்க்குள் தள்ளினார். அது உள்ளே விழுந்து அடங்கும் வரை காதைக் கொடுத்துக் கேட்டார்.

மச்சான் தபால் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அத்தான், அந்தப் புலியும் உங்க திருடனும் ஒரே ஆள்தான், நீங்க பார்க்கிறதையே தானும் போட்டுப் பார்த்தா, ஜன்னல்கிட்ட அந்த ஸ்டூல்ல வந்து உட்கார்ந்த மாதிரி இருக்குன்னு சொன்னான், உங்க பையன்."