கம்பிபிடியாரா கொலைகாரர்?

சங்கச் செயலாளர் ஐயா, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். பிரிக்பீல்ட்ஸ் மழைமரத்தடியில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கம்பிபிடியார் உங்களைக் கொல்லப் பார்த்தார் என்று நகராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறீர்கள். மாதக் கடைசிக்குள் அவர் மரத்தடியைக் காலி செய்ய வேண்டுமாம். நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

கம்பிபிடியாரைப் போல ஓர் ஆள் இந்த மலாயாவில் கிடையாது. வண்டி நின்றுபோனால் மற்றவர்கள் முதலில் ஸ்பானரைத் தேடுவார்கள். இவர் வண்டிக்காரரைத் தேடுவார். இன்ஜினில் பொறி தட்டும் பிளக்கிலிருந்து கம்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, "பிடிங்க" என்பார். பிறகு வண்டியை உதைப்பார். ஆள் அலறினால் மின்சாரம் வருகிறது, பெட்ரோலைப் பார்க்க வேண்டும். அலறாவிட்டால் கோளாறு மின்சாரத்தில்.

"நீங்களே பிடிச்சுப் பாக்கக் கூடாதாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என் கை மரத்துப்போச்சு தம்பி. அது பொய் சொல்லும். உங்க அலறல் பொய் சொல்லாது."

கிள்ளான் பாதிரியார் பிடித்தபோது அவர் வாயிலிருந்து வந்த சொல்லை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள். "நல்ல பொறி" என்றார் கம்பிபிடியார்.

உங்கள் வண்டி கிள்ளான் சாலையில் அடிக்கடி நின்றுவிடும். லோரியில் ஏற்றி மரத்தடிக்குக் கொண்டுவந்தால் ஒரே உதையில் புறப்படும். மனுவில் சொல்லும் அன்றும் அப்படித்தான் புறப்பட்டது. கம்பிபிடியார் வண்டியைப் பார்க்கவில்லை. வெகுநேரம் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, லோரியில வரும்போது குடை வண்டிக் கைப்பிடியில கட்டியிருந்துச்சு. இப்ப உங்க தலைக்கு மேல இருக்கு."

"வெயில் அடிக்குது. அதுக்கென்ன?"

"பழையபடி கட்டுங்க."

கட்டினீர்கள். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் செத்தது. "பிடிங்க" என்றார். பிடித்தீர்கள். வண்டியை உதைத்தார். ஒன்றும் ஆகவில்லை.

"இதுக்கா ஊரே அலறுது? எனக்கு ஒண்ணும் பண்ணலயே" என்று மரத்தடிக் காப்பிக்கடைப் பக்கம் திரும்பிச் சிரித்தீர்கள்.

இன்ஜினை நிறுத்தும் பொத்தானுக்குப் போகும் கம்பியின் மேலுறையை உங்கள் குடை தேய்த்துத் தின்றிருந்தது. குடையைக் கட்டினால் வெறும் கம்பி கைப்பிடி இரும்பில் அழுந்தும், பொறி நின்றுவிடும். கம்பிபிடியார் அதில் ரப்பர் நாடா சுற்றினார்.

"இப்பப் பிடிங்க ஐயா."

"தாராளமா" என்றீர்கள்.

உங்கள் தொப்பி சாக்கடையில் விழுந்தது. நீங்கள் காப்பிக்கடைக்காரர் மடியில் விழுந்தீர்கள். "கோளாறு போச்சு" என்றார் கம்பிபிடியார். கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் மனுவில் கொலை முயற்சி என்று எழுதியிருக்கிறீர்கள்.

போன வாரம் என் வண்டி நின்றது. கம்பிபிடியார் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தொந்தரவு செய்ய மனம் வராமல் வேறு கடைக்குப் போனேன். அங்கே சத்தமில்லாமல் சரி செய்து கொடுத்தார்கள். யாரும் என்னை அலறவைக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை எனக்கு மனசே சரியில்லை.

செயலாளர் ஐயா, மனுக் கொடுக்க எந்த வண்டியில் போனீர்கள்? குடை எங்கே கட்டியிருந்தது? வழியில் ஒரு தடவையாவது வண்டி நின்றதா? இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் சொல்லுங்கள்.