கெட்டிக்காரக் குருவியின் வாசல்

தன் வீட்டு வாசலை ஒருநாளும் பெருக்கியறியாத யோராம், அன்று விடியற்காலையில் ஒரு பறவையின் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

வேறு வழியில்லை. குடில்பறவை நான்கு நாட்களாக வரவில்லை. அது அடுக்கி வைத்திருந்த பூக்கள் வாடிப் பாசியோடு ஒட்டிக்கிடந்தன. குடிலின் முன்னால் சருகு. பறவையைப் பார்க்க விருந்தாளி வர இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

இந்தோனேசியாவின் அர்ஃபாக் மலையையும் சுற்றியுள்ள சில மலைகளையும் விட்டால் அந்தப் பறவை உலகில் வேறெங்கும் கிடையாது. பார்வைக்குச் சேற்று நிறம், மைனா அளவு. ஆனால் குச்சிகளால் இடுப்புயரத்துக்கு ஒரு குடில் கட்டி, அதன் முன்னால் பாசி விரித்து, சிவப்புப் பழம் ஒரு குவியல், கறுப்புக் காளான் ஒரு குவியல், வண்டுச் சிறகு ஒரு குவியல் என்று பிரித்து வைக்கும். ஒரு பூவை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்க்கும். பிடிக்கவில்லையென்றால் திரும்ப வந்து விரற்கடை தூரம் நகர்த்தும். ஊரில் அதற்குக் கெட்டிக்காரக் குருவி என்று பெயர். ஒன்பது வருடமாகப் பார்த்தும் யோராமுக்கு அது அலுக்கவில்லை.

குடில் இருந்த காட்டுச் சரிவு அவன் மச்சான் பிலேமோனுடையது. பிலேமோனுக்கு அதை வெட்டி மிளகாய் போட ஆசை.

"இந்த ஒரு விருந்தாளிதான் மச்சான்," என்று போன வாரமே சொல்லிவிட்டான். "அந்தம்மா சந்தோஷமா போனா காடு இருக்கட்டும். மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு போனா, திங்கக்கிழம கோடாலி."

இப்போதே கோடாலியோடு வந்து, மேலே பாறையில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தான்.

யோராம் அவசரமாகச் சிவப்புப் பூக்களை இடப்பக்கமும் காளான்களை வலப்பக்கமும் குவித்தான். நெல்லுமூட்டை இறக்கிய மாதிரி இருந்தது. இருந்தாலும் இருக்கட்டும் என்று விருந்தாளியை அழைத்துவர ஓடினான்.

விருந்தாளி ஹெந்திரிகா ஹாலந்துக்காரர். எழுபது வயது. இந்தோனேசிய மொழியை ஏதோ பழைய புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

"திரு யோராம் அவர்களே, அப்பறவை இன்று எழுந்தருளுமா?"

"கண்டிப்பா வரும்மா. சத்தம் போடாம உக்காருங்க."

குடிலுக்கு எதிரே இலைகளைக் கட்டி மறைத்த சிறு அறை ஒன்று இருந்தது. ஒருவர்தான் உட்காரலாம். பார்க்க ஒரு துளை. அவரை உள்ளே விட்டுவிட்டு யோராம் ஓடையோரம் போய்க் காத்திருந்தான். அவன் அங்கிருந்தால் பறவை வராது.

பகலில் அவர் சாப்பிட வந்தார்.

"பாத்தீங்களாம்மா?"

"பறவையை நான் காணவில்லை." அவர் முகம் சிவந்தது. வேறு பக்கம் பார்த்தார். "சற்றே கண்ணயர்ந்திருக்கலாம்."

அவருடைய இரண்டு முழங்காலிலும் சேறு. பாவம், மண்டியிட்டு ஜெபம் பண்ணியிருக்கிறார் என்று யோராமுக்கு மனம் இளகியது. அவரை அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கின் முன்னால் உட்காரவைத்துவிட்டுக் குருவியின் முற்றத்துக்கு ஓடினான்.

ஓடியவன் அப்படியே நின்றான்.

சிவப்புப் பூக்கள் பிறைபோல வளைந்திருந்தன. காளான்கள் அதன் நிழல் மாதிரிப் பின்னால் ஒதுங்கியிருந்தன. நடுவே வெறும் பாசி. அந்த வெறுமையின் ஓரத்தில் ஒரே ஒரு மஞ்சள் இலை.

"வந்துட்டியா ராஜா!" என்றான் யோராம், கண் கலங்க.

குருவி வந்திருக்கிறது. அந்தம்மா தூங்கியிருக்கிறார். இதற்கு ஒரே மருந்து, குருவியை அடிக்கடி வரவைப்பது. அதற்குப் பிடிக்காத எதையாவது வைத்தால் தூக்கி எறியவாவது வரும். மகளின் நீலக் கொண்டைஊசியைப் பாசி நடுவில் குத்திவிட்டுப் போனான். அந்தம்மாவுக்கு மூன்று குவளை காப்பி கொடுத்தான்.

மாலையில் அவர் இன்னும் அதிகச் சேற்றோடு திரும்பினார்.

"இப்பவாவது?"

"இல்லை. காப்பி அருந்தியதால் ஓரிடத்தில் அமர இயலவில்லை."

யோராம் போய்ப் பார்த்தான். ஊசி எறியப்படவில்லை. அதைச் சுற்றி நீலக் காட்டுப்பழங்கள், உள்ளே பெரியது, வெளியே போகப்போகச் சிறியது. மகளின் மலிவான கொண்டைஊசி ஏதோ ராணியின் நகை மாதிரி மின்னியது. ஒன்பது வருடத்தில் அந்தக் குருவி இப்படி ஒரு வேலை செய்து அவன் பார்த்ததில்லை.

மறுநாள் அவன் வீட்டில் பொருட்கள் காணாமல் போகத் தொடங்கின.

"என் செவப்புக் கரண்டி எங்க?" என்றாள் மனைவி தோர்க்காஸ்.

"குருவிக்கு."

"கரண்டிய வச்சு அது என்ன, குழம்பா வைக்கப்போகுது?"

"நீ வந்து பாரு தோர்க்காஸ். வச்சதும் அது பதில் சொல்லுது. நான் குப்ப மாதிரி கொட்டிட்டு வரேன், அது கோலமாக்கிக் காட்டுது."

"என் வீட்டுல பத்துப் பாத்திரம் கவுந்து கெடக்கு, அதக் கோலமாக்க ஆளில்ல," என்று அவள் மீன் டப்பா மூடிகளை எடுத்து ஒளித்துவைத்தாள். அவன் அதையும் கண்டுபிடித்து எடுத்துப்போனான்.

விடியலில் அவன் வைப்பான். பகலில் மாறியிருக்கும். பகலில் வைப்பான். மாலையில் மாறியிருக்கும். குருவி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. டப்பா மூடி அதன் கையில் நிலா ஆனது. எல்லாமே அற்புதம். அந்தம்மா மட்டும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஹெந்திரிகா ஒரு முடிவோடு வந்தார்.

"திரு யோராம் அவர்களே, நான் உணவருந்தச் செல்லும் வேளையில்தான் பறவை வருகிறது. வந்த அடையாளங்களைக் கண்டேன். ஆகவே இன்று உணவு வேண்டாம்."

யோராம் கிழங்குத் தட்டை அவர் முன்னால் நீட்டினான். "பட்டினி கெடக்கக் கூடாதும்மா!"

"கிடப்பேன்."

கிடந்தார். பகல் தாண்டியும் அவர் வரவில்லை. புதிதாக எதுவும் வைக்காவிட்டால் குருவி கோபித்துக்கொள்ளுமே என்று இவன் ஓடைக்கரையில் தவித்தான். கடைசியில் பொறுக்கமுடியாமல் போய், ஓடையில் அதைவிட அபூர்வமான மீன்கொத்தி ஒன்று வந்திருப்பதாக ஒரு பொய்யைச் சொன்னான். அவர் ஓடைக்குப் போய் வெறும் தண்ணீரைப் பார்த்த பத்து நிமிடத்தில் இவன் அதுவரை மடியில் பத்திரப்படுத்தியிருந்த தோர்க்காஸின் சிவப்புக் கரண்டியைச் செருகிவிட்டு வந்தான். திரும்பி வந்தவர் கரண்டியைக் கண்டதும் மார்பில் கை வைத்துக்கொண்டார்.

"பத்தே நிமிடம்! அதற்குள் வந்து சென்றுவிட்டது!"

"ஐயோ, போச்சே!" என்றான் யோராம். நடிக்க வேண்டியிருக்கவில்லை. மேலே பாறையிலிருந்து ஏதோ இருமல் சத்தம் கேட்டது. பிலேமோனுக்குப் பாக்கு புரையேறியிருக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு இரண்டே நாள்.

அன்று மாலை வண்டி வந்துவிட்டது. ஹெந்திரிகா விருந்தாளிகள் புத்தகத்தை வாங்கி வெகுநேரம் எழுதினார். பிலேமோனும் கோடாலியோடு இறங்கி வந்து நின்றான். யோராம் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் எழுதியதை உரக்கப் படித்தார். "மூன்று நாட்களில் அப்பறவையை நான் ஒருமுறையும் காணவில்லை. எனினும் இத்தனை மகிழ்ச்சியோடு எந்தத் தீவிலிருந்தும் நான் திரும்பியதில்லை. துணிச்சலான கலைஞர் அது. கரண்டியை அவ்விடத்தில் வைக்க எனக்கு நாற்பது ஆண்டுகளில் தோன்றியிருக்காது. அடுத்த ஆண்டு தோழியர் அறுவரோடு வருவேன்."

"நாப்பது வருஷமா நீங்க என்ன வேல பாத்தீங்கம்மா?" என்று யோராம் கேட்டான்.

"துணிக்கடைகளின் கண்ணாடிச் சாளரங்களை அலங்கரித்தேன்," என்று சொல்லிவிட்டு, மறுபடி முகம் சிவந்து, சேற்று முழங்காலைத் தட்டிக்கொண்டு அவர் வண்டியில் ஏறினார்.

வண்டி வளைவில் மறையும்வரை யோராம் கையசைத்தான். பிறகு மெதுவாகத் திரும்பினான்.

"காடு?"

"இருக்கட்டும் மச்சான்," என்றான் பிலேமோன். கோடாலியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒரு மரத்தக்கூடத் தொடமாட்டேன்."

"அந்தம்மா எழுதினதக் கேட்டேல்ல? குருவியோட மகிமை அது. கண்ணுல படாமயே மூணு நாளா எப்படி வேல பாத்துச்சு பாத்தியா!"

"பாத்தேனே. பாறையிலேருந்து எல்லாம் தெரிஞ்சுது," என்றான் பிலேமோன். "நீ வந்து அடுக்கிட்டுப் போவே, அந்தம்மா வெளிய வந்து முட்டி போட்டு அதக் கலைச்சு அடுக்கும், அந்தக் குருவி காலியா கெடந்த மறைப்புக்குள்ள போயி உக்காந்து, தலையச் சாச்சுச் சாச்சு ஒங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டிருந்துச்சு."