அத்தானின் கணப்பு அடுப்புக்கு ஒரு தட்டு தேவை

காரைக்கால்
1987, பொங்கல் கழிந்த வாரம்

அன்புள்ள மருமகள் ஷந்தாலுக்கு, சவியே மாமா எழுதிக்கொண்டது.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். கீழே போகப் போக உனக்கே சந்தேகம் வரும். நீயும் மாதா கிருபையால் அந்தப் பனியில் மூக்கு காது விழாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். ழக்லின் அத்தை உன் கன்னத்துக்கு இரண்டு முத்தம் எழுதச் சொன்னாள். எனக்கு அதெல்லாம் எழுத வராது, எழுதியதாக வைத்துக்கொள்.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். உங்கப்பா பிரான்சில் பெசான்சோனிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த விறகுக் கணப்பில் கத்தலிசேர் போய்விட்டது. அதுதான், புகையையே மறுபடி எரிக்குமே, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, வட்டமாக, அந்தத் தட்டு. புதிது ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும். அவரே எழுதலாமே என்று கேட்பாய். மாதா மாதம் எழுதத்தான் செய்கிறார். அதில் மழை, பென்சன், முழங்கால் மூன்றும் இருக்கும், நாலாவது இருக்காது. "நான் கேட்டா புள்ளைக்குத் தொந்தரவு குடுக்கிற மாதிரி இருக்கும், நீ எழுது சவியே" என்றார். நான் தொந்தரவு கொடுக்கப் பிறந்தவன் என்பது இந்த ஊருக்கே தெரியும்.

குளிரே இல்லாத ஊரில் கணப்பு எதற்கு என்று நீ அப்போதே கேட்டாய். ஊரும் கேட்டது. லாரியிலிருந்து ஆறு பேர் அதை இறக்கியபோது, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் இரும்புப் பெட்டி நிறையத் தங்கம் கொண்டுவந்திருக்கிறார் என்று தெருக்கோடி வரைக்கும் செய்தி போனது. கூரையைத் துளைத்துப் புகைக்குழாய் வைத்ததும் தங்கம் மறைந்து ரொட்டிக்கடையாகிவிட்டது. அடுத்த நாள் காலை இரண்டு பேர் பையோடு வந்து வாசலில் நின்றார்கள். உங்கப்பாவோ ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாயங்காலம் எல்லாச் சன்னலையும் திறந்துவிட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பார். எதிரில் இரண்டு நாற்காலி. ஒன்று அவருக்கு. இன்னொன்றில் ஒருநாள் நான் உட்காரப் போனேன். "அது வேற ஆளுக்கு" என்றார். அன்றிலிருந்து தரையில் உட்கார்ந்து வியர்க்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். புகை நேரே குழாய்க்குப் போக முதலில் கொண்டியைத் திறந்து வைத்து, அடுப்பு நன்றாகச் சூடேறியதும் மூடினால், சற்று நேரத்தில் அந்தத் தட்டு மெல்லச் சிவந்து வரும் பார், கோயில் விளக்கு மாதிரி. கூரைக்கு மேலே புகை பொட்டுக்கூட இருக்காது. அந்த நேரத்தில்தான் உன்னைப் பற்றி உங்கப்பாவுக்கு வாய் திறக்கும். "ஆஸ்பத்திரி முடிஞ்சு வருவா சவியே, கையுறையக்கூட கழட்டாம இந்த அடுப்புக் கண்ணாடிகிட்ட கைய நீட்டுவா" என்பார். இதையே எல்லா ஞாயிறும் சொல்வார். நானும் புதிதாகக் கேட்பவன் மாதிரி கேட்டுக்கொள்வேன்.

அப்படிப்பட்ட தட்டுக்கு வந்த கதியைக் கேள். காய்ந்த விறகுதான் போட வேண்டும், சாயம் பூசியது, உப்புத்தண்ணீரில் ஊறியது எதுவும் ஆகாது என்பது சட்டம். ஐப்பசி அடைமழையில் காய்ந்த விறகுக்கு எங்கே போவது? விறகுவாடி சேக் அலாவுதீன் பாய், பட்டாளத்துக்காரருக்கென்று தனியாக எடுத்து வைத்து, இரும்பு மாதிரிக் கட்டை ஒரு வண்டி அனுப்பினார். அருமையாக எரிந்தது, நீலமும் பச்சையுமாக. நான்கூட, என்ன அழகு அத்தான் என்று புகழ்ந்தேன். அவர் முகம் மாறிவிட்டது. விசாரித்தால், கிளிஞ்சல்மேட்டில் உடைத்த பழைய படகு; இருபது வருஷம் கடலில் ஊறி, மேலே தார் மாதிரிக் கீல் வேறு பூசியது. பாயிடம் போய்ச் சொன்னதற்கு, "கடலையே தாங்குன கட்டைங்க, உங்க அடுப்பு தாங்காதா?" என்றார். தாங்கவில்லை. மார்கழியில் தட்டு சிவப்பதை நிறுத்திவிட்டது. கூரையில் கரும்புகை.

உங்கப்பா பதறவில்லை. ஆறவிட்டு, தட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்து, சாம்பலைப் பூனைமயிர்த் தூரிகையால் தட்டி, கொல்லையில் ஒரு சாக்கின் மேல் வைத்துவிட்டு, தலைமைத் தபாலாபீசுக்குப் போனார். தேய்க்கக்கூடாது, குத்தக்கூடாது, தண்ணீர் காட்டக்கூடாது என்று என்னிடம் சொன்னார். நான் சரி என்றேன். வீட்டுவேலைக்கு வரும் வடிவாம்பாளிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் பொங்கல். வரிச்சிக்குடிக்காரிக்குப் பொங்கலுக்கு முதல் நாள் அழுக்கு அடுப்பு கண்ணில் பட்டால் பொறுக்குமா? புளி போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, விளக்குமாற்று ஈர்க்குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி அடைப்பெடுத்து, கழுவிக் கவிழ்த்து, சுண்ணாம்பும் காவியுமாகப் பட்டையடித்து, கூடத்திலிருந்த பிரெஞ்சு அடுப்புக்கும் அதே மாதிரி பட்டையடித்து, முன்னால் கோலமும் போட்டுவிட்டாள். நான் பார்த்தபோது தட்டில் பாதி பொடியாகக் கொட்டிக்கிடந்தது.

உங்கப்பா வந்து பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். வடிவாம்பாள்தான் பயப்படாமல், "வீட்ல இருக்கிற எல்லா அடுப்புக்கும் செஞ்சேங்க, இது மட்டும் என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றாள். அவர் நெடுநேரம் அந்தக் கோலத்தையே பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு, போ" என்றார்.

பொங்கலன்று சாயங்காலம் தட்டில்லாமலே பற்றவைத்தார். கூடம் முழுக்கப் புகை. எதிர்வீட்டு நீலகண்டன் குடும்பம் தீப்பிடித்ததென்று குடம் குடமாகத் தண்ணீரோடு ஓடிவந்து, அடுப்பில் கொஞ்சமும் என்மேல் மிச்சமும் ஊற்றினார்கள். அவர்களுக்கே பொங்கல் கொடுத்து அனுப்பினாள் உன் அத்தை. எல்லாரும் போனபிறகு உங்கப்பா ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அந்தக் கரகரப்பில் அவர் சேதி எதுவும் கேட்பதில்லை, வானிலை ஒன்றைத்தான் கேட்பார். "அங்க மைனஸ் ஒம்போதாம் சவியே. அவ கம்பளி மேல்கோட்டு பழசு" என்றார். பிறகுதான், "ஒரு கத்தலிசேர் அனுப்பச் சொல்லி எழுதேன்" என்றார்.

ஆகையால் அம்மா, தட்டின் அளவு உனக்குத் தெரியும், அதைச் சுற்றி வரும் நார்ப்பட்டியையும் சேர்த்து நல்ல பெட்டியில் உடையாமல் கட்டி அனுப்பவும். நீ வந்து மூன்று வருஷம் ஆகிறது என்று எழுதலாமென்று பார்த்தேன். லீவு கிடைக்காது என்று நீ எழுதுவாய், எதற்கு இரண்டு பேருக்கும் தபால்தலை வீண். உன் அம்மா, மார்கெரித் அக்கா, உயிரோடு இருந்திருந்தால் என் கையெழுத்துக்குக் காத்திராமல் தானே எழுதி உன்னை வரவழைத்திருப்பாள்.

பெரியவர்கள் ஆசீர்வாதம் என்று முடிக்க வேண்டும். இந்த வீட்டில் என்னிடம் பெரிதாக இருப்பது வயிறு ஒன்றுதான். அதைத் தடவிக்கொண்டு உன்னை ஆசீர்வதிக்கிறேன். அத்தையின் அன்பும், வடிவாம்பாளின் கும்பிடும், அலாவுதீன் பாயின் விசாரிப்பும் சேர்த்துக்கொள்.

உன் பிரியமுள்ள மாமா,
சவியே

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தை கூப்பிட்டாள். உங்கப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவருடைய கம்பளிகளை வெயிலில் போடலாமென்று டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். அடியில், பெசான்சோன் கடைச் சீட்டு ஒட்டியபடி, பிரிக்காத பெட்டியில் புது கத்தலிசேர் இரண்டு இருக்கின்றன. நார்ப்பட்டியோடு. இருந்தபடியே மூடிவைத்துவிட்டோம்.

அதனால் சாமான் எதுவும் அனுப்பாதே. கடையில் அளவு கேட்கிறார்கள், நேரில் வந்து அளந்தால்தான் ஆகும் என்று உங்கப்பாவுக்கு ஒரு வரி எழுதிப்போட்டுவிட்டு, புறப்பட்டு வா.